வலிக்கு மூன்று நிமிடம்

தாலுகா ஆபீஸில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்ற சங்கரலிங்கத்துக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. மனைவி ஆவுடையம்மாளுக்கு மார்பில் வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கு இறங்கியபிறகு, அவருக்குத் தெரிந்த விஷயங்களின் பட்டியலில் வலியும் சேர்ந்துகொண்டது. வலி ஆவுடைக்கு. அதைப் பற்றிய விவரமெல்லாம் சங்கரலிங்கத்துக்கு.

டாக்டர் மார்பின் என்கிற வலி மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்று சீட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது. சங்கரலிங்கம் அதை இரண்டு முறை படித்தார். மாத்திரை டப்பாவை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டார். நாலு மணிக்கு ஒன்று என்பது மேலிடத்துப் பொது உத்தரவு. அதை இடத்துக்குத் தக்கபடி அமல்படுத்துவது கீழே இருக்கிறவரின் பொறுப்பு. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று அவர் அமல்படுத்தினார். மிச்சமான மாத்திரைகளை மாதக் கடைசியில் மருத்துவமனையில் திருப்பி ஒப்படைத்து ரசீதும் வாங்கிக்கொண்டார். அங்கே இருந்த மருந்தாளுநர், இப்படி ஒரு மனிதரை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொன்னார். அதைப் பாராட்டு என்றே சங்கரலிங்கம் எடுத்துக்கொண்டார்.

அவருடைய தங்கை வடிவும் இதற்கு ஒத்து ஊதினாள். அடுத்த தெருவிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு வந்து, நோயாளியை விசாரித்துவிட்டு, நோயாளி கையால் காபி குடித்துவிட்டுப் போகிறவள் அவள்.

"அண்ணே, அது அபின்ல இருந்து எடுக்காவளாம். பழகிட்டுன்னா விடாதாம். எங்க கொழுந்தனோட மாமியாருக்குக் குடுத்தாவ. ஒரே மாசம், ஆளு போயிட்டா."

"மாத்திரையினாலயா போனா, மதினி?" என்று அடுப்படியிலிருந்து ஆவுடை கேட்டாள்.

"பின்னே? அதுவரைக்கும் நல்லபடியா வலியில கெடந்தாள்லா," என்றாள் வடிவு.

மருத்துவமனையில் பியூலா என்று ஒரு நர்ஸ் இருந்தாள். வலியைச் சமாளிக்க நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் வேலை. முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுப்பது, வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுப்பது, கதிர்வீச்சு கொடுத்த இடத்தில் மட்டும் அதைச் செய்யாமலிருப்பது, மார்பினோடு மலச்சிக்கலுக்கும் மருந்து எடுத்துக்கொள்வது, வலி முற்றட்டும் என்று காத்துக்கொண்டிருக்காமல் இருப்பது என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ஒரு குறிப்பேடும் கொடுத்தாள். அதில் மூன்று கட்டங்கள். நேரம் என்ன, வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எந்த எண், எதனால் குறைந்தது. அதை ஆவுடைதான் எழுத வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் சங்கரலிங்கம் அந்தக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டார். அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆவுடை எட்டாம் வகுப்போடு நின்றவள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "ஏளா, வலிக்கா?" என்று கேட்பார். கையில் இருக்கிற வேலையை விடாமல் ஆவுடை, "கொஞ்சம்," என்பாள். 'குறிப்பிடத்தக்க வலி ஏதுமில்லை' என்று எழுதிக் கீழே சுருக்கொப்பம் இடுவார். மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். இல்லாத ஒன்று எதனால் குறைந்தது என்று எப்படி எழுதுவது? இரண்டு மாதத்தில் அறுபது சுருக்கொப்பங்கள் சேர்ந்தன. ஆவுடையின் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை.

சங்கரலிங்கம் ஒருவர் மட்டும் இப்படி என்றால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒரு பீரோவும் ஒரு சாவியும் இருந்தன. சுகாதாரத் துறையினர் துண்டுப்பிரசுரம் அச்சடித்தார்கள், அது பஜ்ஜி மடிக்கப் பயன்பட்டது. குறும்படம் எடுத்தார்கள், அதை நோயாளிகள் மட்டும் பார்த்தார்கள். கடைசியில் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் நாலு வருடம் உழைத்து, ஒருவர் வலியை இன்னொருவருக்குக் கடத்துகிற பட்டையைக் கண்டுபிடித்தார்கள். அதை என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க ஒரு நிபுணர் குழு அமைந்தது. அதற்குப் பிறகுதான் கோளாறு ஆரம்பமானது.

"சார், வர்ற வியாழக்கிழமை பகிர்வு வகுப்பு. நீங்க கட்டாயம் வரணும்," என்றாள் பியூலா.

"என்ன வகுப்பு, சிஸ்டர்?"

"அம்மா பிடரியில ஒரு பட்டை ஒட்டுவோம். உங்க பிடரியில ஒண்ணு. அவங்க நரம்புல ஓடுத வலி அப்படியே உங்களுக்கு வரும். மூணு நிமிஷம்தான். உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. வலிக்கும், அவ்வளவுதான்."

"அம்புட்டும் வருமா?"

"அந்த நேரத்துல அவங்களுக்கு எவ்வளவு இருக்கோ அவ்வளவும் வரும். கூடவும் வராது, குறையவும் வராது."

"எத்தனைன்னு எந்திரமே சொல்லிருமோ?"

"அதுக்குக் கடத்தத்தான் தெரியும் சார், அளக்கத் தெரியாது. எண்ணை நீங்கதான் சொல்லணும். நீங்க சொல்லுத எண்ணை வச்சுத்தான் அம்மாவுக்கு அடுத்த மூணு மாசத்துக்கு எத்தனை மாத்திரைன்னு முடிவு பண்ணுவாங்க."

பக்கத்தில் ஒரு காலைத் தாங்கி நின்ற ஆவுடை கேட்டாள். "எனக்கு வலிக்கதை நானே சொன்னா ஆகாதா?"

பியூலா கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குழு ஒத்துக்கலம்மா. நோயாளி சொல்லுதது ஒருதலைப்பட்சமா இருக்குமாம். அதைக் கணக்குல எடுக்கப்படாதுன்னு விதியே போட்டிருக்காங்க."

சங்கரலிங்கத்துக்கு அந்தக் குழுவின்மேல் மரியாதை பிறந்தது. விவரமான ஆட்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆவுடை மெல்லக் கேட்டாள். "உங்களுக்கு பிபி இருக்கே. மூணு நிமிஷம் தாங்குவீயளா?"

"நீயே தாங்குத. நான் தாங்க மாட்டனா?"

ஆவுடை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வகுப்புக்கு முந்தைய இரண்டு நாட்கள் அவளுக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காய் நறுக்கினாள். நெற்றி வியர்த்துக்கொண்டே இருந்தது. கோடை இந்த வருடம் சீக்கிரம் வந்துவிட்டது என்று சங்கரலிங்கம் வடிவிடம் சொன்னார். காலையும் மாலையும் தவறாமல் தம் கையாலேயே மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். ஆவுடை அதை உள்ளங்கையில் வாங்கி, விரல்களை மூடி, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மருத்துவமனை மாடியில் பன்னிரண்டு ஜோடிகள் கூடின. முதல் அரைமணி நேரம் பியூலா பாடம் நடத்தினாள். வலிக்காக எடுக்கிற மார்பின் போதைப் பழக்கம் ஆகிவிடாது, மார்பின் கொடுத்தால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமில்லை, வலியைத் தாங்கிக்கொள்வதால் நோய் குறையாது என்றெல்லாம் விளக்கினாள். நோயாளிகள் உன்னிப்பாகக் கேட்டார்கள். சாவி வைத்திருந்தவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் நல்லபெருமாள் என்ற கட்டட காண்டிராக்டர். அவருக்குத் தாடையில் புற்று. பட்டையை வாங்கிக்கொள்ள வேண்டியவள் அவர் மனைவி செண்பகம். முந்தின நாளிலிருந்தே தாம் மாத்திரை போடவில்லை என்று நல்லபெருமாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "அவளுக்கும் தெரியட்டும்லா, என்ன பாடுபடுதேன்னு." செண்பகம் புடவைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடமும் உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எட்டு என்று விரலால் காட்டினாள். "ஒம்பது சொல்லியிருக்கலாம்," என்றார் நல்லபெருமாள்.

அடுத்து வரிசையாக ஐந்து கணவன்மார்கள் உட்கார்ந்தார்கள். ஒன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்றரை என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே எழுந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய மனைவிமார் எல்லோருமே அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். ஒருத்தி நாற்காலியிலிருந்து சரியப்போனாள். பியூலா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

சங்கரலிங்கத்தின் முறை வந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார். இடுப்பில் ஏதோ லேசாகக் கடுத்தது. தென்காசிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினால் இருக்கும் அலுப்பு, அவ்வளவுதான். மூன்று நிமிடமும் அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டு," என்றார் கணீரென்று. பிறகு ஆவுடை பக்கம் திரும்பினார். "இதுக்கா ஏளா இத்தனை நாளா இந்தப் பாடு?"

கண் பாதி மூடியிருந்த ஆவுடை, "வலிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்று அவர் தலையாட்டியதும் சிரித்தாள்.

"சார், அம்மா காலையில எத்தனை மாத்திரை போட்டாங்க?" என்று பியூலா கேட்டாள்.

"என் கையால ஒண்ணு குடுத்தேன்."

"ஒண்ணுதானா?"

"சாவி என்கிட்ட இருக்கு, சிஸ்டர்."

ஒரே வாரத்தில் மாநிலம் முழுக்க இருந்த எண்கள் ஒன்றுகூட்டப்பட்டு முடிவு வெளியாயிற்று. வலி தாங்குவதில் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கே முதலிடம். ஆற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று ஒரு பேராசிரியர் பேட்டி கொடுத்தார். புளிக்குழம்பு என்று இன்னொருவர் மறுப்பு எழுதினார். மருத்துவமனைக்கு ஒரு கேடயம் வந்தது. கேடயத்தோடு ஓர் உத்தரவும் வந்தது. பெண்கள் வார்டுக்குப் பாதி மார்பின் போதும். ஆண்கள் வார்டில் மனைவிமார் சொன்ன எண் எதுவும் ஏழுக்குக் குறையாததால் அங்கே இரண்டு மடங்கு. ஆவுடைக்கு நாளைக்கு ஒரு மாத்திரை என்று கணினி எழுதிக் கொடுத்தது. சங்கரலிங்கம் பத்திரிகைச் செய்தியைக் கத்தரித்து பீரோக் கதவில் ஒட்டினார். மாத்திரையைச் சாயங்காலத்துக்கு வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, வடிவு காபிக்காகக் காத்திருந்த நேரத்தில், பியூலா சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வீட்டு நோயாளிகளை நேரில் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னாள். முதலில் குறிப்பேட்டைக் கேட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து அத்தனை பக்கத்தையும் புரட்டினாள்.

"இது யார் எழுதுனது, சார்?"

"நான்தான். கையெழுத்து நல்லா இருக்கும்னு ஆபீஸ்லயே சொல்லுவாவ."

"வலி யாருக்கு?"

சங்கரலிங்கம் இந்தக் கேள்வியில் ஏதோ உள்குத்து இருப்பதாக உணர்ந்தார். பதில் சொல்வதற்குள் பியூலா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவரும் பின்னால் போனார். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. ஆவுடை அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி, துண்டின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றாள். ஆட்களைக் கண்டதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வாங்க சிஸ்டர். ஒரு வாய் காபி சாப்பிடுங்க."

"மாத்திரை எப்பப் போட்டீங்கம்மா?"

"சாயங்காலம்தான் அவளுக்கு மாத்திரை," என்றார் சங்கரலிங்கம்.

பியூலா பையிலிருந்து இரண்டு பட்டைகளை எடுத்தாள். "இது பயிற்சிக்கு வச்சிருக்கது சார். கணக்குல வராது. இன்னொரு தடவை பாத்துருவமா?"

"வேண்டாம்," என்றாள் ஆவுடை. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை. "இன்னைக்கு வேண்டாம் சிஸ்டர். இன்னொரு நாள் வாங்க. முன்னாலயே சொல்லிட்டு வாங்க."

"ரெண்டுதானே ஏளா. ஒட்டுங்க சிஸ்டர்," என்று சொல்லி, தண்ணீர்த் தம்ளரை ஒரு கையில் எடுத்துக்கொண்டு சங்கரலிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

தம்ளர் எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொள்கிற அந்த முதல் நொடி எல்லோருக்கும் தெரியும். அந்த நொடி அவர் இடுப்புக்குள் வந்து உட்கார்ந்து, முடியாமல் நீண்டுகொண்டே போனது. கத்த வாயைத் திறந்தார், மூச்சு வரவில்லை. தரையில் கிடந்தார். இதோடுதான் அவள் காய் நறுக்கினாள் என்று ஓர் எண்ணம் ஓடியது. இதோடுதான் பஸ்ஸில் வந்தாள். இதோடுதான் கொஞ்சம் என்று சொன்னாள். வடிவு எங்கிருந்தோ அலறுவது கேட்டது. யாரோ பிடரியிலிருந்து பட்டையைப் பிய்த்தார்கள்.

தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் தூக்கி வைத்திருந்தவள் ஆவுடைதான். "அவுகளுக்கு பிபி உண்டு, சிஸ்டர். நான் சொன்னேன்லா," என்றாள் கோபமாக.

"நாப்பது செகண்டு," என்றாள் பியூலா கடிகாரத்தைப் பார்த்து.

சங்கரலிங்கம் தரையில் கிடந்தபடியே சொன்னார். "அன்னைக்கு ரெண்டுதானே இருந்துச்சு."

பியூலா ஆவுடை பக்கம் திரும்பிக் கேட்டாள். "வகுப்புக்கு எத்தனை மாத்திரை போட்டுட்டு வந்தீங்கம்மா?"

"மூணு."

"சாவி என்கிட்டல்லா இருந்துச்சு," என்றார் சங்கரலிங்கம்.

"நீங்க குடுத்ததைத்தான் சேத்து வச்சேன். ரெண்டு நாளும் போடல. மஞ்சப்பொடி டப்பாவுல போட்டு வச்சேன். அன்னைக்குக் காலையில குடுத்ததோட அஞ்சு சேந்துது. மூணைப் போட்டுக்கிட்டு வந்தேன். ரெண்டு மிச்சம் இருக்கு."

"ரெண்டு நாளு மாத்திரை இல்லாமலா இருந்தே?"

"மூணு நிமிஷம் உங்களால தாங்க முடியாதுல்லா," என்றாள் ஆவுடை. சோறு ஏன் குழைந்துபோனது என்று காரணம் சொல்கிற குரல்தான் அது.

பியூலா தலையில் கை வைத்துக்கொண்டாள். "மூணைச் சேத்துப் போட்டா மூச்சே அடங்கிரும்மா. இனிமே அப்படிச் செய்யவே கூடாது. மத்தவங்களும் இப்படித்தான் வந்தாங்களா?"

"அடுத்தவங்க விஷயத்தை நான் சொல்லப்படாது," என்றாள் ஆவுடை. பிறகு சொன்னாள். "கதிர் வைக்க வரிசையில நிக்கும்போது பேசிக்கிட்டோம். எங்களுக்கு அதுதானே வகுப்பு. எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளுக்குப் பயந்து, இல்ல, வீட்டு ஆளை நினைச்சுப் பயந்து, ரெண்டு மூணு போட்டுக்கிட்டுத்தான் வந்தாவ."

மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த கேடயத்தின் ரகசியம் இதுதான். தண்ணீரும் இல்லை, புளிக்குழம்பும் இல்லை.

சங்கரலிங்கம் சுவரைப் பிடித்து எழுந்தார். பீரோவைத் திறந்து மாத்திரை டப்பாவை எடுத்து, ஒன்றை ஆவுடையிடம் கொடுத்தார். டப்பாவை அடுப்படி அலமாரியில், அவள் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்தார்.

"அண்ணே, பழகிரும்," என்றாள் வடிவு.

"நீயும் ஒரு நிமிஷம் ஒட்டிப் பாக்கியா?"

வடிவுக்கு வீட்டில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. அன்று அவள் காபி குடிக்காமலே போனாள்.

"எண்ணை மாத்தி எழுதுங்க சிஸ்டர். பத்து," என்றார் சங்கரலிங்கம்.

"இது கணக்குல வராதுன்னு சொன்னேன்லா. நீங்க மனு போடுங்க சார். நானும் சிபாரிசு எழுதுதேன்."

அன்றைக்கே முத்து முத்தான கையெழுத்தில் மனு எழுதி அனுப்பினார். மறுநாளே பதில் வந்துவிட்டது. மனுதாரர் ஏற்கெனவே தெரிவித்த எண் இரண்டு. மாவட்டச் சராசரியும் ஏறத்தாழ அதுவே. ஆகவே மனு ஏற்கத்தக்கதல்ல. சங்கரலிங்கம் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ மனுக்களில் அதே கடைசி வார்த்தையை எழுதியிருக்கிறார். அந்த வார்த்தைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பியூலாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். சராசரி இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று தலைமையகத்துக்கே கொஞ்சம் சந்தேகம் வந்து, வியாழக்கிழமை ஒரு மறுவகுப்பு நடத்தச் சொல்லியிருந்தார்கள். அதற்கு ஒரு கண்காணிப்பாளரும் வருகிறார். சங்கரலிங்கத்தின் பெயரை அவள் பட்டியலில் சேர்த்துவிட்டாள்.

"ஆனா சார், அம்மா அன்னைக்கு மாத்திரை போடாம வரணும். போட்டா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மறுபடியும் ரெண்டுதான் வரும்."

பீரோவில் இருந்ததையும் மஞ்சள் டப்பாவில் இருந்ததையும் சேர்த்து, கடிகாரப்படி கொடுத்தால் வியாழக்கிழமை காலை வரைக்கும் வரும். கடிகாரப்படியே கொடுத்தார். ஆவுடை நன்றாகத் தூங்கினாள். செவ்வாய்க்கிழமை அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு நின்று பேசுவதைப் பார்த்தார். புதன்கிழமை அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி துணி மடித்தாள். இந்தப் பெண்பிள்ளையை மூன்று மாதமாகத் தாம் பார்க்கவே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு டப்பாவில் ஒரே மாத்திரை இருந்தது. பத்து மணிக்குப் போட வேண்டியதற்கு ஒன்றும் இல்லை. அவர் அந்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்குப் போடப்படாதுன்னு சிஸ்டர் சொன்னாவளே," என்றாள் ஆவுடை. "நான் போடாமலே வாரேன். நீங்கதான் தாங்கணும்."

"போடலாம்னு போன் பண்ணிச் சொல்லிட்டா. வேற ஏதோ ஏற்பாடாம்," என்றார் சங்கரலிங்கம். "வீட்டுல போட வேண்டாம். கையில வச்சுக்கிட்டு, பத்து மணி வாக்குல அங்க வச்சுப் போடு."

பியூலா போன் செய்யவில்லை. வருமானச் சான்றிதழில் ஓர் எழுத்துப் பொய் இருந்தால்கூட மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிய மனிதர், வாழ்க்கையில் முதல் பொய்யைக் கூசாமல் சொன்னார்.

பத்து மணிக்கு ஆவுடை மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்கு அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். சங்கரலிங்கம் பக்கத்து நாற்காலியில் காத்திருந்த, போன வகுப்பில் ஒன்றரை சொன்ன வேலாயுதம் என்பவரின் காதில் மட்டும் குனிந்து சொன்னார். "அண்ணாச்சி, உங்க வீட்டுல காலையில எத்தனை மாத்திரை போட்டாவன்னு கேளும்." வேலாயுதம் தம் மனைவியைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

கண்காணிப்பாளர் சின்ன வயதுக்காரர். மடியில் கணினி வைத்திருந்தார். பியூலா பட்டைகளை ஒட்டிவிட்டு விசையைத் தட்டினாள்.

ஒன்றும் வரவில்லை. இடுப்பில் அன்றைக்கு இருந்த பஸ் அலுப்புகூட இல்லை. மாத்திரை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆவுடை தெளிவாக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சங்கரலிங்கம் தம் பிளானை ஞாபகப்படுத்திக்கொண்டார். முதலில் முனக வேண்டும், பிறகு மெல்லக் குரலைக் கூட்ட வேண்டும். வாயைத் திறந்தார். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றவள் நினைவுக்கு வந்தாள். குறிப்பேட்டின் அறுபது சுருக்கொப்பங்கள் நினைவுக்கு வந்தன. நடிப்பதற்காகத் திறந்த வாயிலிருந்து அவரே எதிர்பார்க்காத ஒரு சத்தம் கிளம்பியது. கீழ்த்தளத்தில் மருந்து வாங்க நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு நர்ஸ் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவருக்கு அழுகை நிற்கவில்லை.

"பத்து," என்றார். "பத்துன்னு எழுதுங்க."

ஆவுடை பதறி எழுந்து அவர் பிடரியிலிருந்து பட்டையைப் பிய்த்தாள். "எனக்கு ஒண்ணும் வலிக்கலையே. நான் மாத்திரை போட்டேனே. எந்திரம்தான் கோளாறு."

கண்காணிப்பாளர் நிமிர்ந்தார். "நோயாளி வலிக்கலைன்னு சொல்றாங்களே, சிஸ்டர்."

பியூலா சங்கரலிங்கத்தைப் பார்த்தாள். ஆவுடையைப் பார்த்தாள். பிறகு முகத்தில் எந்த மாறுதலும் இல்லாமல் சொன்னாள். "நோயாளி சொல்லுதது ஒருதலைப்பட்சம், சார். கணக்குல எடுக்கப்படாதுன்னு விதி இருக்கு."

கண்காணிப்பாளர் கணினியில் விதியைத் தேடினார். இருந்தது. பத்து என்று பதிந்தார்.

அடுத்து வேலாயுதம் உட்கார்ந்தார். பக்கத்தில் கண் சொருகிக் கிடந்த மனைவியை ஒரு நிமிடம் பார்த்தார். "ஐயோ, பத்து," என்று கத்தினார். பியூலா அவருக்குப் பட்டையை இன்னும் ஒட்டியிருக்கவில்லை. "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, பட்டையை ஒட்டிக்கிடுதேன்," என்றாள் தணிந்த குரலில்.

மதியத்துக்குள் மாவட்டம் முதலிடத்தை இழந்தது.

மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு முன்னால் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடை வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்," என்றார் சங்கரலிங்கம்.

ஆவுடை அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பதிலை எத்தனையோ நாள் சொல்லிப் பழகியவள் அவள். சற்று நேரம் கழித்து, "அந்த நோட்டைக் குடுங்க," என்று கையை நீட்டினாள். அவர் பையிலிருந்து குறிப்பேட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார். அவள் மடியில் வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி எழுதினாள். எழுதி முடித்ததும் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

நேரம் என்ற கட்டத்தில் பதினொண்ணு என்று இருந்தது. வலி என்ற கட்டத்தில் ஒண்ணு. எதனால் குறைந்தது என்று கேட்டிருந்த மூன்றாவது கட்டத்தில், கோணல்மாணலாக, 'மாத்திர போட்டேன். அவுக கத்துனாவ' என்று எழுதியிருந்தாள்.

சங்கரலிங்கம் எழுத்துப்பிழையைத் திருத்தவில்லை. கீழே சுருக்கொப்பமும் இடவில்லை. ஜன்னலில் ஆவுடையின் பெயரைக் கூப்பிட்டார்கள். மருந்தை வாங்க எழுந்து போனார்.